சும்மா இருக்கும்போது பின்னியதா? கொக்கி ஊசியின் வரலாறு

 

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் அம்பத்தூரில் உள்ள எங்கள் வீட்டுப் பிள்ளையொருத்தி தன் நன்னியிடம் குரோஷாப் பின்னல் கற்றுக்கொண்டாள். அஸர் தொழுகை முடிந்ததும் இருவரும் காற்று வரும் வாசற்படியில் அமர்வார்கள். குடும்பத்தில் பிறக்கவிருந்த குழந்தைக்கு ஒரு போர்வை பின்னுவதே நோக்கம். விசிறி போல் விரிந்த சிப்பிகள் வரிசை வரிசையாக அடுக்கி நிற்கும் சிப்பிப் பின்னலைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

போர்வை பாதி வளர்ந்திருந்தபோது வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதை வியந்து பார்த்தார். “எனக்கும் இதே போல் ஒன்று போட்டுக் கொடும்மா. நூல் காசோடு நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன். வீட்டில் சும்மா இருக்கும்போது போடுவதுதானே?” என்றார். அவர் சொன்னதில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. பிள்ளையும் மகிழ்ச்சியோடு தலையாட்டினாள். நன்னி மட்டும், “முதலில் ஒரு சிப்பிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்” என்றார்.

அந்தக் கணக்குதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ‘சும்மா இருக்கும்போது’ என்னும் இரு சொற்கள் கொக்கி ஊசியின் வரலாறு நெடுகிலும் அதைப் பின்தொடர்ந்து வந்திருக்கின்றன. ஊசி பல நாடுகளைக் கடந்தது. ஆனால் அதைப் பிடித்த பெண்ணின் நேரம் எங்கும் சரியாக எண்ணப்படவில்லை.

ஒரு சிப்பி உருவாகும் விதம்

வரலாற்றுக்குள் செல்லுமுன், பின்னலை அறியாதவர்களுக்காக அதன் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோஷாவுக்கு ஓர் ஊசியும் நூலும் போதும். ஊசியின் நுனி சிறு கொக்கியாக வளைந்திருக்கும். எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். அந்தக் கண்ணி வழியே நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். இவ்வாறு தொடர்வது சங்கிலி. நம் பெண்கள் ‘செயின்’, ‘சிங்கிள்’, ‘டபுள்’ என்று சொல்பவற்றை இங்கே சங்கிலி, குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல் எனக் குறிப்போம்.

குட்டைப் பின்னலில் கொக்கியைத் துளைக்குள் விட்டு ஒரு கண்ணியை இழுக்க வேண்டும். ஊசியில் இரண்டு கண்ணிகள் சேர்ந்ததும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே மூச்சில் இழுத்துவிட வேண்டும். நெட்டைப் பின்னலில் துளைக்குள் விடுமுன்பே நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொள்ள வேண்டும். கண்ணியை இழுத்தபின் ஊசியில் மூன்று இருக்கும். அவற்றை இரண்டிரண்டாகக் கழிக்க வேண்டும்.

சிப்பிக்கு அடிச்சங்கிலியை ஆறின் மடங்கில் போட்டு, மேலும் இரண்டு சேர்க்க வேண்டும். 20 சிப்பிகள் வேண்டுமானால் 122 சங்கிலிகள். ஊசியிலிருந்து இரண்டாம் சங்கிலியில் ஒரு குட்டைப் பின்னல் போட வேண்டும். பிறகு இரண்டு சங்கிலிகளை விட்டு அடுத்த ஒரே துளையில் ஐந்து நெட்டைப் பின்னல்கள். மீண்டும் இரண்டை விட்டு ஒரு குட்டைப் பின்னல். ஒரே துளையில் பிறந்த ஐந்தும் மேலே விரிவதால் விசிறி வடிவம் உண்டாகிறது. அருகிலுள்ள குட்டைப் பின்னல் அந்த விசிறியை அடக்கி நிறுத்துகிறது.

அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது மூன்று சங்கிலிகள் போட்டு, அதே இடத்தில் இரண்டு நெட்டைப் பின்னல்கள் சேர்த்தால் அரைச் சிப்பி ஆகும். கீழ்ச்சிப்பியின் நடுவில் உள்ள நெட்டைப் பின்னலின் தலையில் ஒரு குட்டைப் பின்னலும், இரு சிப்பிகளுக்கு இடையில் இருந்த குட்டைப் பின்னலில் ஐந்து நெட்டைப் பின்னல்களுமாகத் தொடர வேண்டும். வரிசையின் முடிவில் கடைசிக் குட்டைப் பின்னலில் மூன்று நெட்டைப் பின்னல்கள் போட்டு, மற்றோர் அரைச் சிப்பியோடு நிறுத்த வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் வழுக்குவது இந்த ஓரங்களில்தான். அரைச் சிப்பியை மறந்தால் துணி வரிசைக்கு வரிசை குறுகி முக்கோணமாகிவிடும். அப்போது பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூலின் முனையை இழுத்தால் ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு ஒரு நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணை அந்நஹ்ல் அத்தியாயம் உவமை காட்டுவதன் கனத்தை, பின்னலைப் பிரித்த கைகள் நன்கறியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அகலத்தில் 20 சிப்பிகள், நீளத்தில் 60 வரிசைகள் என்றால் ஒரு போர்வைக்கு ஏறத்தாழ 1,200 சிப்பிகள். சிப்பிக்கு ஐந்து நெட்டையும் ஒரு குட்டையுமாக 7,200 பின்னல்கள். புதிதாகக் கற்ற எங்கள் பிள்ளைக்கு ஒரு சிப்பிக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. 1,200 நிமிடங்கள் என்பது 20 மணி நேரம். நூறு ரூபாயை இருபதால் வகுத்தால் மணிக்கு ஐந்து ரூபாய். பிள்ளை தாளைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

நம் நாட்டு ஊசியும் ஐரோப்பிய மேளமும்

குரோஷா என்னும் சொல் பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொல் அங்கிருந்து வந்ததால் கலையும் முழுக்க அங்கேயே பிறந்தது என்று எண்ணிவிட வேண்டியதில்லை.

குஜராத்திலும் கட்ச் பகுதியிலும் மோச்சி எனப்படும் தோல் தொழிலாளர்கள், தோலைத் துளைத்துத் தைக்கும் கொக்கி ஊசியைப் பட்டிலும் பருத்தியிலும் பயன்படுத்திப் பூவேலை செய்தார்கள். அந்த ஊசியின் பெயர் ஆரி. துணியை இறுக்கமாக விரித்து, மேலிருந்து ஊசியைக் குத்தி, அடியிலுள்ள நூலைக் கொக்கியால் பிடித்துக் கண்ணியாக மேலே இழுத்தால் சங்கிலித் தையல் விழும். இன்று சென்னையின் புறநகர்த் தெருக்களில் ‘ஆரி ஒர்க் கற்றுத் தரப்படும்’ என்று பலகை வைத்து, மணப்பெண்ணின் ரவிக்கைக்குச் செய்யப்படும் வேலையும் அந்த வழியில் வந்ததே. குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே காம்பே துறைமுகப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இந்த முறை பிரான்சில் பரவியது. மேளத்தின் தோல் போலத் துணியை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதால், மேளத்தைக் குறிக்கும் ‘தம்பூர்’ என்னும் பெயரே அந்தத் தையலுக்கும் வந்தது. அடியிலிருந்த துணியை நீக்கிவிட்டு, அதே கொக்கியால் சங்கிலியைக் காற்றிலேயே பின்னத் தொடங்கியபோது குரோஷா பிறந்தது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. அச்சில் வந்த குரோஷாக் குறிப்புகளுள் மிகப் பழையவை 1820-களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டுப் பெண்கள் இதழான ‘பெனலோப்’பில் காணப்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் இன்றைய குரோஷா இருந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே குரோஷா வயதில் இளையது. ஆனால் அதன் ஊசிக்கு நம் நாட்டில் மூத்த உறவு உண்டு.

பசியைத் தணித்த நூல்

புதிய கலை முதலில் வசதி படைத்த பெண்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. விக்டோரியா அரசியே குரோஷாப் பின்னுவார். முதுமையில், தென்னாப்பிரிக்கப் போரில் ஈடுபட்டிருந்த வீரர்களுக்கென எட்டுக் கழுத்துத் துணிகளைத் தம் கையால் பின்னி அனுப்பினார். அரசிக்கு அது உண்மையிலேயே ஓய்வு நேர வேலை.

அவருடைய ஆட்சிக்குட்பட்ட அயர்லாந்தில் நிலைமை வேறாக இருந்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் பிணியாலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். கார்க் நகரின் அருகே பிளாக்ராக்கில் உர்சுலின் கன்னியர் மடத்தினர் சிறுமிகளுக்குக் குரோஷா கற்பித்தார்கள். 1847-இல் குளோன்ஸ் ஊரில், அங்கிருந்த மதகுருவின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் இதை ஏழைக் குடும்பங்களிடையே பரப்பினார். வெனிஸ் நகர லேஸைப் பின்பற்றிப் பூக்களையும் இலைகளையும் தனித்தனியே பின்னி, பிறகு வலைப்பின்னலால் இணைத்தார்கள். அந்த லேஸ் இலண்டனிலும் பாரிசிலும் விற்பனையாயிற்று. நிலம் கைவிட்ட வீடுகளில் கொக்கி ஊசி அடுப்பெரித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசியின் கையிலும் உழவர் மகளின் கையிலும் இருந்தது ஒரே ஊசி. அரசிக்கு இருந்த ஓய்வு உழவர் மகளுக்கு இருக்கவில்லை. ஆயினும் வாங்குவோர் மனத்தில் இரண்டும் ‘பெண்களின் பொழுதுபோக்கு’ என்னும் ஒரே பெயரைப் பெற்றன. விலை பேசும்போது அந்தப் பெயர் எப்போதும் வாங்குபவருக்கே உதவியது.

தென்னாட்டுக் கரைக்கு வந்தபோது

ஐரோப்பிய லேஸ் வேலை கிறிஸ்தவ மறைப்பணியாளர்களின் குடும்பங்கள் வழியாகத் தென்னிந்தியாவை அடைந்தது. இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819-இன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கியால் பின்னுவதன்று; திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. அவர்களுடைய மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து, நெல்லைச் சீமையின் இடையன்குடியில் அதே தொழிலைப் பரப்பினார்.

அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது. 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. நாகர்கோவில் பள்ளியில் லேஸ் கற்ற அடிமைப் பெண்கள் சிலர், தாங்கள் ஈட்டிய பணத்தைச் செலுத்தித் தங்கள் விடுதலையைப் பெற்றதாக மறைப்பணி வரலாறுகள் குறிப்பிடுகின்றன. முகாதபா ஒப்பந்தத்தின் வழியே தம் விடுதலைக்காகத் தவணை செலுத்த முயன்ற பரீரா (ரழி) அவர்களின் வரலாற்றை அறிந்த நமக்கு, இச்செய்தி மனத்தைத் தொடாமல் போகாது. அந்தப் பெண்களுக்கு ஒவ்வோர் அங்குல லேஸுக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலை ஓர் உயிரின் உரிமையோடு பிணைந்திருந்தது. உழைப்பு எண்ணப்பட்டதால் அது விடுதலையாக மாறிற்று.

எண்ணப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை மாநிலமே சான்று. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபூர் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மறைப்பணியாளர்கள் வழியே லேஸ் பின்னல் பரவியது. அங்கே வேரூன்றியது நம் குரோஷாவேதான். மேசை விரிப்புகளும் ஆடை ஓரங்களும் கடல் கடந்து சென்றன. 1970-களின் பிற்பகுதியில் அங்கே கள ஆய்வு செய்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், தம் ஆய்வை 1982-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட பெண்களுள் பலர் ‘கோஷா’ முறையைக் கடைப்பிடித்து வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள். சமையல், பிள்ளை வளர்ப்பு முதலிய வீட்டு வேலைகளுக்கு மேலாக நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியத்தை எட்டவே இல்லை. ஏன்? அவர்கள் ‘இல்லத்தரசிகள்’, ஓய்வு நேரத்தில் பின்னுகிறவர்கள். தொழிலாளர் என்ற பெயரே அவர்களுக்குத் தரப்படவில்லை.

2024-இல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணிக்குப் பெயர் கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. பின்னிய பெண்களுக்கும் தொழிலாளர் என்ற பெயர் முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

நம் பகுதியில் இரு கடிகாரங்கள்

இனி நாம் வாழும் மேற்குப் புறநகருக்கு வருவோம். இந்த மண்ணுக்கும் துணிக்கும் உள்ள தொடர்பு பழையது. பூந்தமல்லியில் உள்ள பழைய பள்ளிவாசல் 1653-இல் கட்டப்பட்டது. கோல்கொண்டா அரசின் சார்பில் கர்நாடகப் பகுதியை ஆண்ட மீர் ஜும்லாவின் பணியாளரான ருஸ்தம் அதைக் கட்டுவித்தவர். மீர் ஜும்லா படைத்தலைவர் மட்டுமல்லர். சொந்தக் கப்பல்களை ஓட்டிய பெருவணிகர். சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. அவர் ஆட்சிக்குச் சற்று முன்னர்தான் ஆங்கிலேயக் கம்பெனி, துணி வாங்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு சென்னைக் கடற்கரையில் கோட்டை எழுப்பியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் துணி வேறு உருவில் இப்பகுதிக்கு வந்தது. ஆவடியில் இராணுவச் சீருடைகள் தைக்கும் தொழிற்சாலை 1961-இல் தொடங்கப்பட்டது. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பின்னாளில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் பெருகின. காலையில் தொழிற்பேட்டைச் சாலையில் உணவுப் பையோடு விரையும் பெண்களை நாம் தினமும் காண்கிறோம். அவர்களுடைய கூலி போதுமா என்பது தனிக் கேள்வி. ஆனால் அவர்கள் உள்ளே நுழையும் நேரமும் வெளியே வரும் நேரமும் பதிவாகின்றன. மிகை நேரம் என்றால் என்ன என்பதை அவர்கள் அறிவார்கள்.

அதே தெருக்களில் வீட்டுக்குள் அமர்ந்து ஆரி வேலை செய்பவர்கள், புடவைக்குக் குஞ்சம் கட்டுபவர்கள், குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னுபவர்கள் இருக்கிறார்கள். நம் சமுதாயப் பெண்கள் பலர் இவர்களுள் உண்டு. பர்தாவைப் பேணியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் ஹலாலாக ஈட்ட இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் இவர்களுக்கு நுழைவு நேரமும் இல்லை. முடிவு நேரமும் இல்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறது. அது தொழுகை நேரத்தையும் பள்ளிப் பேருந்து வரும் நேரத்தையும் மட்டுமே காட்டுகிறது. ஊசி ஓடிய நேரத்தை யாரும் பார்ப்பதில்லை.

சட்டம் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பொருளைப் பெற்று வேறிடத்தில் செய்து கொடுக்கும் வெளியாளையும் தொழிலாளர் என்னும் சொல்லுக்குள் அடக்கியது. 1996-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டு உழைப்புக்கென 177-ஆம் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. எலா பட் அகமதாபாத்தில் 1972-இல் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு அதற்காகப் பாடுபட்டவற்றுள் முதன்மையானது. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை. சட்டம் நம் வாசலுக்கு வந்து சேரும் வரை, வாசலுக்குள் இருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன என்பதே கேள்வி.

தலையில் இருக்கும் தொப்பி

தொழுகைக்குச் செல்லும் நம் ஆண்கள் பலரின் தலையில் வெள்ளை வலைத்தொப்பி இருக்கிறது. அவற்றுள் இயந்திரத்தில் செய்தவை உண்டு. கொக்கி ஊசியால் பின்னியவையும் உண்டு. குரோஷாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆலைகளில் ஓடும் இயந்திரங்கள் அதைப் போன்ற தோற்றத்தைத் தருகின்றனவே தவிர, உண்மையான குரோஷாவை இன்றளவும் கைகளே பின்னுகின்றன. எனவே குரோஷாத் தொப்பியொன்று கடையில் தொங்கினால், யாரோ ஒருவர் அதற்காகத் தம் வாழ்நாளின் சில மணி நேரங்களைக் கொடுத்திருக்கிறார் என்பது உறுதி.

பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாகவே இருப்பார். வங்கதேசத்தின் போக்ரா மாவட்டத்தில், ஷேர்பூர், துனட் பகுதிக் கிராமங்களில் பெண்கள் ‘ஜாலி டுப்பி’ எனப்படும் வலைத்தொப்பிகளைப் பின்னுகிறார்கள். மாணவிகளும் தாய்மாரும் வீட்டு வேலைக்கு இடையே பின்னிக் கொடுப்பதை வணிகர்கள் வாங்கி, வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ரமளானை ஒட்டி வேலை பெருகும். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து நாம் அணியும் தொப்பியின் மலிவு யாருடைய நேரத்திலிருந்து கழிக்கப்பட்டது என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறைவன் முன் தலை தாழ்த்தும்போது, அத்தலையில் இருப்பது பிறர் உரிமை கலவாததாக இருக்க வேண்டாமா?

அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைக் கடுமையாக எச்சரிக்கிறது ‘அல் முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயம். தராசில் வைக்கும் அரிசிக்கு மட்டுமே அது உரியதென நாம் எண்ணிவிடலாகாது. பிறருடைய உழைப்பை எண்ணும்போது குறைத்து எண்ணுவதும் அளவில் குறைப்பதே. தொழிலாளியின் கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். வியர்வை வெளியே தெரியாத வேலைக்கும் அது பொருந்தும். கூலிக்கு ஒருவரை அமர்த்தும் ‘இஜாரா’ ஒப்பந்தத்தில் கூலி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த நிபந்தனை. “பார்த்துக் கொடுக்கிறேன்” என்று சொல்லி வேலை வாங்குவதற்கு அங்கே இடமில்லை.

பரிசும் கூலியும்

இவ்வளவும் கேட்டபின், “உறவுக்குள் காசு பேசுவது அழகா?” என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் நம் மார்க்க வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

ஸஹ்ல் பின் ஸஅத் (ரழி) அறிவிக்கும் ஒரு செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. பெண்மணி ஒருவர், கரையோடு சேர்த்து நெய்யப்பட்ட மேலாடை ஒன்றை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார். அதைத் தம் கையாலேயே நெய்ததாகவும், அவர்களுக்கு அணிவிக்கவே கொண்டு வந்ததாகவும் கூறினார். நபியவர்களுக்கு அது தேவையாக இருந்தது, பெற்று அணிந்துகொண்டார்கள். தோழர் ஒருவர் அதன் அழகைப் புகழ்ந்து, தமக்குத் தருமாறு கேட்டார். கேட்டவரை மறுக்கும் வழக்கமில்லாத நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அவரைக் கடிந்தபோது, தாம் அதை அணிவதற்காகக் கேட்கவில்லை என்றும் தமக்குக் கஃபனாக ஆகட்டும் என்றே கேட்டதாகவும் அவர் சொன்னார். பின்னர் அதுவே அவருக்குக் கஃபனாயிற்று.

நெய்த பெண்மணியின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. ஆனால் ‘என் கையால் நெய்தேன்’ என்று அவர் கூறியது மட்டும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தந்தவர் அவர், விரும்பித் தந்தார். நபியவர்கள் கேட்டு வாங்கவில்லை. பரிசின் சிறப்பு இதுதான். கொடுப்பவரின் உள்ளத்திலிருந்து புறப்பட்டால் அது பரிசு. வாங்குபவர் அன்பின் பெயரால் விலையைக் குறைத்துக்கொண்டால் அது பரிசாகாது.

நபியவர்களின் துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் உழைத்து, அந்த ஈட்டலை ஏழைகளுக்குத் தர்மமாக வழங்கினார்கள். ஈட்டியது தம் கையில் வந்தது. பிறகு தாமே விரும்பிக் கொடுத்தார்கள். கைக்கு வராத கூலியிலிருந்து யாரும் தர்மம் செய்ய முடியாது.

எங்கள் வீட்டுக் கதையும் இப்படித்தான் முடிந்தது. குழந்தைக்குப் பின்னிய முதல் போர்வை பரிசாகவே போயிற்று. அதில் எண்ணிக்கை பார்க்கப்படவில்லை. உறவினர் கேட்ட போர்வைக்கு மட்டும் நன்னி ஒரு நீதியைச் சொன்னார். “உனக்கு 20 மணி நேரம் ஆகிறது. பழகிய கைக்கு 10 மணி நேரம் போதும். நீ பழகுவதற்கு அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழகிய கையின் நேரத்துக்குக் கொடுக்கட்டும்.” மணிக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்து, நூல் விலை நீங்கலாக ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. கணக்கெழுதிய தாளைப் பிள்ளை தயங்கித் தயங்கி நீட்டினாள். உறவினர் சிறிது நேரம் பார்த்தார். “இவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவே இல்லையம்மா” என்றார். கேட்ட தொகையைத் தந்தார். ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

எனவே சகோதரிகளே, நம் பெண்பிள்ளைகளுக்குச் சிப்பிப் பின்னலைக் கற்றுக்கொடுங்கள். பொறுமையையும், எண்ணிக்கையையும், பிழையைக் கண்டால் தயங்காமல் பிரித்துத் திருத்துவதையும் அது கற்றுத்தரும். கூடவே ஒரு சிறு குறிப்பேட்டையும் கொடுங்கள். ஊசியை எடுத்த நேரம், வைத்த நேரம், நூலின் விலை ஆகிய மூன்றையும் அவர்கள் எழுதிவரட்டும். சகோதரர்களே, வீட்டில் பின்னியதை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியே பாதி நீதி.

நம் வீடுகளில் உழைக்கும் கைகளுக்குப் பரக்கத்தையும், அவற்றின் உரிமையைக் குறைவின்றி வழங்கும் உள்ளத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.